டார்வினின் பன்னிரண்டு சட்டைகள்

நியூசிலாந்தில் எனக்கு இப்போது இரவு எட்டு மணி. தமிழ்நாட்டில் மதியச் சாப்பாட்டு நேரம், ஐரோப்பாவில் காலைக் காப்பி நேரம். மூன்று வேளையிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றி.

கடற்பயண இலக்கியம் என்று தலைப்பு கொடுத்தார்கள். அப்படிச் சொன்னால் பேசுகிறவர்கள் புயலைப் பற்றிப் பேசுவார்கள், திமிங்கலத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் ஒரு நர்ஸ். எனக்கு வேறு கேள்விதான் வருகிறது. அத்தனை மாதம் கப்பலில் இருந்தவன் என்னென்ன எடுத்துக்கொண்டு போனான், அதையெல்லாம் எங்கே வைத்தான், வேண்டிய நேரத்தில் எப்படிக் கண்டுபிடித்தான்? அதற்குப் பதில் தெரிந்த பயணம் ஒன்று இருக்கிறது. பீகிள் என்ற கப்பலில் சார்லஸ் டார்வின் போன பயணம். கடிதம், நாட்குறிப்பு, பட்டியல் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்ததால், அவருடைய பெட்டிக்குள் நாம் கையை விட்டுப் பார்க்க முடிகிறது.

டார்வினைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் எங்கள் சபையில் ஒன்றிரண்டு பேர் புருவத்தை உயர்த்தினார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. கப்பல் ஏறும்போது அந்தப் பையனுக்கு வயது 22. கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கிவிட்டு, போதகர் ஆவதாகத்தான் ஏற்பாடு. கப்பலில் யாராவது எது சரி எது தப்பு என்று வாதம் பண்ணினால் வேத வசனத்தைச் சொல்லுவாராம், அதிகாரிகள் சிரிப்பார்களாம். வயதான பிறகு அவரே எழுதி வைத்திருக்கிறார்.

சரி, பெட்டிக்கு வருவோம். 1831 செப்டம்பரில் லண்டனிலிருந்து அக்கா சூசனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். எனக்கு மிகவும் பிடித்த கடிதம் அது. வெளிநாட்டுக்குக் கிளம்புகிற எந்தப் பிள்ளையும் வீட்டுக்கு எழுதுகிற கடிதம்தான். நான்சியிடம் சொல்லி எட்டுச் சட்டைக்குப் பதிலாகப் பன்னிரண்டு தைக்கச் சொல்லு. என் பையில் செருப்பு, கனமில்லாத நடைக்காலணி ஒரு ஜோடி, ஸ்பானிய மொழிப் புத்தகங்கள் எல்லாம் வைத்து அனுப்பச் சொல்லு, சாவியை நூலில் கட்டிப் பையிலேயே போட்டுவிடலாம். புது மைக்ராஸ்கோப்புக்குள் பஞ்சு அடைக்க வேண்டும். பாறைகளை ஆராயும் திசைகாட்டி, அது அப்பாவுக்குத் தெரியும். படுக்கையறையில் கிடந்தால், பறவை மிருகங்களின் தோலைப் பதப்படுத்துவது பற்றிய அந்தச் சின்னப் புத்தகமும். இப்படிப் போகிறது.

அதே கடிதத்தில் இன்னொரு வரி. என் கைகள் அவ்வளவு சுகமில்லை, கொஞ்ச நாளைக்கு ஆர்சனிக் சாப்பிடலாமா என்று அப்பாவிடம் கேள். அப்பா ராபர்ட் டார்வின் மருத்துவர். அந்தக் காலத்தில் தோல் வியாதிக்கு ஆர்சனிக் மருந்தாகத்தான் இருந்தது. இன்று என் வார்டில் ஒருவர் அப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கே தெரியும். அது இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது, சட்டைக்கும் திசைகாட்டிக்கும் நடுவில் உடம்பைப் பற்றிய கேள்வியும் வந்துவிடுகிறது என்பதுதான். நீண்ட பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் இதைத்தான் மறப்பார்கள். மாத்திரைச் சீட்டு கடைசி நிமிடத்தில் கைப்பையில் செருகப்படும்.

கொஞ்சம் ஆடம்பரமும் உண்டு. நல்ல கைத்துப்பாக்கிகள், ஒரு ரைஃபிள், எல்லாம் சேர்த்து 50 பவுண்டு. அதைச் சொல்லுகிறபோதே, கேப்டன் ஃபிட்ஸ்ராய் துப்பாக்கிக்கு 400 பவுண்டு செலவழித்திருக்கிறார் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். அப்பாவின் பணத்தைச் செலவழிக்கிற பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் இப்படித்தான்.

இவ்வளவையும் வைக்க இடம்? பீகிளின் நீளம் 90 அடி. அகலம் 25 அடிகூட இல்லை. அதில் எழுபதுக்கு மேற்பட்ட ஆட்கள். பின்பக்கத்து அறை ஏறக்குறைய பத்துக்குப் பதினோரு அடி. நம் வீடுகளில் சாமான் போட்டு வைக்கிற அறை அளவு. அதன் நடுவில் கடல் வரைபடம் வரைகிற பெரிய மேசை. பாய்மரம் ஒன்று அறைக்குள்ளாகவே இறங்கிப் போகிறது. சுவரோரம் நானூறு புத்தகங்கள், கப்பலின் நூலகமே அங்கேதான். அந்த அறையில் டார்வின், வரைபடம் வரையும் ஸ்டோக்ஸ், கிங் என்ற 14 வயதுப் பையன், மூன்று பேர். ராத்திரி மேசைக்கு மேலே தூளி கட்டித் தூங்க வேண்டும். டார்வின் ஆறடி உயரம். கால் நீட்ட இடமில்லை. அலமாரியிலிருந்து ஒரு இழுப்பறையை உருவி வெளியே வைத்தால்தான் தூளியின் நுனிக்கு இடம் கிடைக்கும். தினமும் ராத்திரி உருவ வேண்டும், தினமும் காலையில் திரும்ப மாட்ட வேண்டும்.

கிளம்புமுன் பிளிமத்தில் காத்திருந்த நாட்களில் இந்த இடப்பற்றாக்குறைதான் அவரைப் பயமுறுத்தியது. பிறகு எழுதுகிற கடிதங்களில் அந்தப் புலம்பல் குறைந்துவிடுகிறது. எல்லாம் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது என்று பழகிவிட்டார். அவர் மகன் பிரான்சிஸ், அப்பா இறந்தபின் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒன்று சொல்லுகிறார். ஒழுங்காக வேலை செய்கிற பழக்கம் எனக்குப் பீகிளின் நெருக்கடியில்தான் வந்தது என்று அப்பா சொல்லுவாராம். நிமிடங்களைப் பார்த்துச் செலவழிக்கக் கற்றதும் அங்கேதானாம்.

எனக்கு இதில் வியப்பு இல்லை. நர்சிங் டிப்ளமோ படித்தபோது விடுதியில் ஆளுக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அவ்வளவுதான் எங்கள் உலகம். அந்த மூன்று வருடத்தில் நான் எதையும் தேடியதில்லை. இப்போது மூன்று படுக்கையறை வீட்டில் கண்ணாடியைத் தேடுகிறேன்.

கடலில் இறங்கியதும் முதலில் தோற்றது வயிறு. 1831 டிசம்பர் 27ஆம் தேதி கப்பல் கிளம்பியது. குமட்டல், வாந்தி, எழுந்திருக்க முடியவில்லை. பன்னிரண்டு சட்டையும் துப்பாக்கியும் உதவவில்லை. தூளியில் படுத்துக் கிடப்பதும், அப்பா சொல்லி அனுப்பிய உலர்திராட்சையும்தான் உதவின. வயிறு ஏற்றுக்கொண்ட ஒரே உணவு அது என்று பிரேசிலிலிருந்து அப்பாவுக்கு எழுதுகிறார். ஐந்து வருடமும் இந்தத் தொல்லை விடவில்லை. ஸ்டோக்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தது: ஒரே மேசையில் எதிரெதிரே வேலை செய்துகொண்டிருப்போம், அவர் மைக்ராஸ்கோப்போடு, நான் வரைபடத்தோடு. திடீரென்று, அப்பா, இனிக் கொஞ்சம் படுத்தால்தான் ஆகும் என்று மேசையின் ஒரு பக்கத்தில் நீட்டிப் படுத்துவிடுவார். கொஞ்சம் தெளிந்ததும் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

விட்ட இடத்திலிருந்து. அதற்குத்தான் ஒழுங்கு வேண்டும். நல்ல உடம்போடு இருப்பவனுக்குக் குப்பையிலும் வேலை ஓடும். தலை சுற்றுகிறவனுக்கு, கை வைத்த இடத்தில் பொருள் இருக்க வேண்டும்.

கப்பலில் இவருக்கு ஒரு எதிரி உண்டு, செல்ல எதிரி. விக்கம் என்ற முதல் லெஃப்டினன்ட். கப்பல் தளம் பளபளவென்று இருக்க வேண்டும் அவருக்கு. டார்வினோ வலையில் வந்த ஜெல்லி, சிப்பி, மீன் எல்லாவற்றையும் தளத்தில் கொட்டுவார். நான் மட்டும் கேப்டனாக இருந்தால் உன்னையும் உன் குப்பையையும் தூக்கி எறிந்திருப்பேன் என்று விக்கம் கத்துவாராம். இரண்டு பேருமே ஒழுங்கானவர்கள்தான். ஒருவருக்கு ஒழுங்கு என்பது துடைத்த தரை. இன்னொருவருக்கு, பட்டியலில் ஏறிய எண். தரை பளபளக்கிற வார்டில் மருந்துச் சீட்டு காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். நான் டார்வின் கட்சி.

கேப்டனின் ஒழுங்கு மூன்றாவது வகை. 22 குரோனோமீட்டர்கள், அதாவது கடலில் தீர்க்கரேகை கணிக்க உதவும் துல்லியக் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் மரப்பெட்டிக்குள், கப்பல் ஆடினாலும் தான் ஆடாத வளையத்தில் தொங்கும். பெட்டிகளைச் சுற்றி மரத்தூள். அவற்றைப் பார்த்துக்கொள்ளவே ஸ்டெபிங் என்ற கருவி வல்லுநரைத் தன் சொந்தச் செலவில் வேலைக்கு வைத்திருந்தார் ஃபிட்ஸ்ராய். வேளை தவறாமல் சாவி கொடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குறித்து வைக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு நர்ஸ் நின்று பூட்டிய அலமாரியின் மாத்திரைகளை எண்ணிக் கையெழுத்துப் போடுவோமே, அதே வேலை.

இனி, அதே கப்பலில் போன வேறு சில பெட்டிகள். இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான், என்றாலும் சொல்ல வேண்டும். முந்தைய பயணத்தில் ஃபிட்ஸ்ராய், தென் அமெரிக்காவின் தெற்கு முனையான டியரா டெல் ஃபியூகோவிலிருந்து நான்கு பேரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்திருந்தார். அவர்களில் போட் மெமரி என்று இவர்கள் பெயர் வைத்த இளைஞன், அம்மை குத்தியும்கூட, 1830இல் பெரியம்மையில் இறந்துபோனான். மீதி மூன்று பேரை ஊரில் விட்டுவிட்டு, மேத்யூஸ் என்ற இளம் மிஷனரியையும் அங்கே அமர்த்துவது திட்டம். அதற்காக இங்கிலாந்தின் பக்தியுள்ள நல்லவர்கள் பெட்டி பெட்டியாகச் சாமான் கொடுத்தார்கள். 1833 ஜனவரியில் அந்தக் குளிர்ந்த கரையில் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே ஒயின் கிளாஸ், தேநீர்த் தட்டு, சூப் பாத்திரம், மஹோகனி மரத்து ஒப்பனைப் பெட்டி, மெல்லிய வெள்ளைத் துணி, பீவர் ரோமத் தொப்பி. மரப்பட்டைப் படகும் நெருப்பும் வைத்து வாழ்கிற மக்களுக்கு! டார்வினுக்குக் கோபம் வந்தது. போகிற ஊரைப் பற்றி யாரும் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை என்று நாட்குறிப்பில் சாடுகிறார். சில நாட்களில் மேத்யூஸின் சாமான்கள் பறிபோயின. உயிருக்குப் பயந்து அவரும் கப்பலுக்கே திரும்பிவிட்டார்.

என் அம்மாவும் நானும் சபையின் நிவாரணப் பெட்டிகளுக்குத் துணி மடித்தவர்கள். கொடுக்கிறவருக்கு மனம் நிறைவதும், அங்கே திறக்கிறவருக்குக் கை நிறைவதும் வேறு வேறு. அந்தக் கொடையாளர்கள் கெட்டவர்கள் இல்லை. திறக்கப்போகிற கையை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

இதே விஷயத்தில் டார்வின் தானும் பாடம் படித்தார். சேகரித்ததையெல்லாம் பீப்பாயிலும் பெட்டியிலும் அடைத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த தன் ஆசிரியர் ஹென்ஸ்லோவுக்கு அனுப்புவார். ஹென்ஸ்லோதான் திறக்கிற கை. பதில் வர மாதக்கணக்காகும். எலிகள் பூசணம் பிடித்து வந்தன என்று எழுதுகிறார். ஒரு எண்ணைக் குறிப்பிட்டு, தயவுசெய்து சொல்லு, இது என்னது, மின்னல் அடித்துக் கரியானது போல இருக்கிறதே என்று கேட்கிறார். பாருங்கள், பொருளே கரியாகிவிட்டது, ஆனால் எண் பிழைத்துக்கொண்டது. எண் இருந்ததால்தான் கேட்கவே முடிந்தது. அதே 1833 ஜனவரியில், ஹார்ன் முனைக்கு அருகே அடித்த புயலில் உப்புத் தண்ணீர் புகுந்து, உலர்த்தி வைத்த செடிகளும் உலர்த்தும் தாள்களும் நாசமாயின. திரும்பப் பெற முடியாத இழப்பு என்று வருந்துகிறார்.

பயணம் முடிந்து 1839இல் வெளிவந்த அவர் புத்தகத்தின் முதல் பதிப்பில், கடைசியில், சேகரிப்பவர்களுக்கு ஆலோசனை என்று சில பக்கங்கள் இருக்கின்றன. எனக்கு அந்தப் பக்கங்கள்தான் இலக்கியம். ஞாபகத்தை நம்பாதே என்கிறார். ஒரு சுவையான பொருளுக்குப் பின்னால் அதைவிடச் சுவையான இன்னொன்று வரும், முதலாவது நழுவிவிடும். கையில் எடுத்த அதே நிமிடத்தில் எண் கட்டு, அதே நிமிடத்தில் பட்டியலில் ஏற்று. பொட்டலத்தின் வெளியே ஒரு எண், உள்ளே பொருளோடு சேர்த்து அதே எண் இன்னொன்று. எண்களைப் பூஜ்யத்திலிருந்து 5000 வரை முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொள். ஒவ்வொரு ஆயிரத்துக்கும் வேறு நிறத் தாள், பிரிக்கும்போது ஒரே பார்வையில் தெரியும். தலைகீழாகப் படித்தால் வேறு எண்ணாகிவிடக் கூடியவை, 86, 699 போன்றவை, அவற்றின் பின்னால் ஒரு புள்ளி வை.

அந்தப் புள்ளியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 86ஐத் தலைகீழாகப் பிடித்தால் 98. ஆடுகிற கப்பலில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், வாந்திக்கு நடுவில் இது ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பது நமக்குப் புதிதல்ல. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிற அட்டைப்பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும், ஆறு பக்கமும் மார்க்கர் பேனாவில் பெயர், ஊர், போன் நம்பர். எங்கள் மாமா பெட்டிக்கு உள்ளேயும் ஒரு தாளில் எழுதிப் போடுவார். கயிறு அறுந்து அட்டை கிழிந்தாலும் சாமான் வீடு வந்து சேர வேண்டுமே. அவர் டார்வினைப் படித்தவர் இல்லை.

ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு கடுமையான வடிவம் உண்டு. ரத்தம் ஏற்றுமுன், குரூப் பார்க்க நோயாளியிடம் ரத்தம் எடுப்போம். அந்தக் குழாயில் பெயரையும் விவரத்தையும் நோயாளியின் பக்கத்தில் நின்றுகொண்டே எழுத வேண்டும். நர்ஸ்களின் மேசைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்பது கிடையாது. விவரம் இல்லாத குழாயைப் பரிசோதனைக்கூடம் ஏற்காது, திரும்பக் குத்த வேண்டும். நோயாளிக்குக் கோபம் வரும். அந்த நாலு தப்படி தூரத்தில் இரண்டு குழாய் இடம் மாறினால் ஒரு உயிர் போகலாம்.

டார்வின் இவ்வளவு கண்டிப்பாக எழுதியதற்குக் காரணம் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்கு ஒரு ஊகம் உண்டு. 1835 செப்டம்பர், அக்டோபரில் கலாபகஸ் தீவுகளில் ஐந்து வாரம் இருந்தார்கள். அங்கே துணை ஆளுநராக இருந்த லாசன், ஆமை ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவு ஆமை என்று சொல்லிவிடுவேன் என்றார். டார்வின் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தீவு, ஒரே பாறை, ஒரே வெயில், உயிர்கள் எப்படி வேறாக இருக்கும் என்று நினைத்தார். மாக்கிங் பறவைகளை மட்டும் தீவு வாரியாகக் குறித்தார். குருவிகளுக்கு எண் கட்டினார், பட்டியலில் ஏற்றினார், ஆனால் எந்தத் தீவு என்று எழுதவில்லை. இரண்டு தீவுகளின் சேகரிப்பு ஓரளவு கலந்தே போனதாக 1845 பதிப்பில் ஒப்புக்கொள்கிறார்.

1837 ஜனவரியில் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர் அந்தக் குருவிகளைப் பார்த்துவிட்டு, இவை பல குடும்பப் பறவைகள் இல்லை, எல்லாம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த ஃபிஞ்ச் குருவிகள், அலகுதான் வேறு வேறு என்றார். அப்போதுதான் தெரிகிறது, எது எந்தத் தீவில் கிடைத்தது என்பதுதான் உயிரான கேள்வி என்று. பெட்டியில் அதற்கு விடை இல்லை. உலர்ந்த மாதிரிகளின் பட்டியல் 3907 வரை போகிறது, சாராயத்தில் போட்டவை 1529. அத்தனை எண்ணிலும் அந்த ஒரு சொல் இல்லை, தீவின் பெயர்.

யாரிடம் இருந்தது தெரியுமா? கேப்டன் ஃபிட்ஸ்ராய் தனியாகச் சேர்த்த பறவைகளில் இருந்தது. கேப்டனின் உதவியாள் ஃபுல்லரிடம் இருந்தது. டார்வினின் வேலைக்காரப் பையன் சிம்ஸ் கவிங்டனிடம் இருந்தது. இவர்கள் பறவையை எங்கே சுட்டோம் என்பதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். பெரிய கொள்கை எதுவும் இல்லை, வேலையை வேலையாகச் செய்தார்கள். டார்வின் அவர்களிடம் கேட்டு வாங்கித்தான் தன் குருவிகளுக்குத் தீவு தேடினார். பாடப்புத்தகத்தில் டார்வின் குருவிகள் என்று படிக்கிறோம். கவிங்டன் பெயரை நான் பள்ளியில் கேட்டதில்லை.

கவிங்டனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். கப்பலில் பிடில் வாசிக்கிற பையனாக ஏறியவர். 1833இல் டார்வின் அவரைத் தன் உதவிக்கு எடுத்துக்கொண்டார், பறவை சுடவும் தோல் உரிக்கவும் பழக்கினார். கரையில் பயணம் போகும்போது டார்வின் ஒரே ஒரு புத்தகம்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் மில்டன் கவிதையை எடுப்பாராம். மீதிச் சுமையில் எவ்வளவு கவிங்டன் தோளில் இருந்தது என்று நான் யோசிப்பதுண்டு. பயணம் முடிந்து 1839இல் கவிங்டன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார், பிறகு பம்புலா என்ற ஊரில் தபால் அதிகாரியாக இருந்தார். காது மந்தமாகிவிட்டது. டார்வின் இங்கிலாந்திலிருந்து காதில் வைத்துக் கேட்கும் குழல் ஒன்று அனுப்பினார். கடிதம் நிற்கவில்லை. கடல் பாறையில் ஒட்டும் பார்னக்கிள் சிப்பிகளை டார்வின் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், உங்கள் பக்கத்தில் கிடைக்குமா என்று கேட்டு எழுதினார். கவிங்டன் ஒரு பெட்டி நிறையச் சேர்த்துக் கப்பலில் அனுப்பினார். 1850இல் டார்வினின் பதில் வந்தது. பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது, எத்தனையோ இடங்களிலிருந்து எனக்குச் சேகரிப்புகள் வந்திருக்கின்றன, ஒரே இடத்திலிருந்து இவ்வளவு வளமாக ஒன்று வந்ததில்லை என்று எழுதியிருந்தார்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் அண்ணன் கை காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். 23 கிலோவுக்குள் ஊறுகாய் எப்படிக் கொண்டுவருவது என்று மட்டும் கேட்காதீர்கள், இங்கே விமான நிலையத்தில் எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும்.